புதிய கம்ப்யூட்டர், பழைய கணக்கு: ஓடிபிசி டிரைவர் எங்கே காலை வாரும்?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன், பழைய கம்ப்யூட்டரில் இருந்த போல்டர்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி செய்து கொண்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவரா நீங்கள்? போட்டோ, பாட்டு, கடிதம் இவற்றுக்கு அது சரி. ஆனால் கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, சங்கக் கணக்கு என்று ஏதாவது ஒன்றைப் பழைய புரோகிராம் ஒன்றில் எழுதி வைத்திருந்தால் அது மட்டும் போதாது. கணக்கு எழுதும் புரோகிராமுக்கும் கணக்கு இருக்கும் பைலுக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் காப்பி செய்வதில்லை. அப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர்தான் ஓடிபிசி டிரைவர்.

இதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதை ஒட்டிப் பலரும் விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 15, 20 வருடங்களாக 32 பிட் விண்டோஸில் நிம்மதியாக ஓடிக் கொண்டிருந்த கணக்குப் புரோகிராம்கள் திடீரென்று 64 பிட் வீட்டுக்குக் குடி வந்தன. அப்படிக் குடி மாறிய ஒரு வீட்டுக் கணக்கைச் சரி செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே நான் பார்த்தவை உங்களுக்கும் உதவும்.

காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது செவிலிமேடு. அங்கே ஒரு பட்டு முதலாளி வீடு. 40 தறிகளுக்கு மேல் வெளியே கொடுத்து நெய்து வாங்குகிறார்கள். நெசவாளர் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கிப் போவார். சேலையாகக் கொண்டு வந்து கொடுக்கும்போது மறுபடி எடை. யாரிடம் எத்தனை கிராம் ஜரிகை பாக்கி, யாருக்கு எவ்வளவு முன்பணம், இந்த வாரக் கூலியில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். 2003-இல் ஒரு கல்லூரி மாணவர் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் 20 வருடத்துக்கு மேல் ஒரு நாளும் கணக்குத் தப்பியதில்லை என்றார் முதலாளி.

புதிய கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரர் புரோகிராம் போல்டரை அப்படியே காப்பி செய்து கொடுத்திருக்கிறார். ஐகானை டபுள் கிளிக் செய்தால், 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் பவுண்ட் அண்ட் நோ டிபால்ட் டிரைவர் ஸ்பெசிபைட்' என்று ஒரு எர்ரர் மெசேஜ். கூடவே ஐஎம்002 என்று ஒரு எண்.

நடுவே இருக்கும் துபாஷி

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே துபாஷி என்று ஒருவர் இருப்பார். இரண்டு பாஷை தெரிந்தவர். ஓடிபிசி டிரைவர் செய்வதும் அதே வேலைதான். ஓடிபிசி என்பது ஓப்பன் டேட்டாபேஸ் கனெக்டிவிட்டி என்பதன் சுருக்கம். அதற்கு முன்பெல்லாம் டிபேஸ் பைலைப் படிக்க ஒரு வழி, ஆரக்கிளில் படிக்க ஒரு வழி என்று புரோகிராம் எழுதுபவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்க வேண்டி இருந்தது. எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப் என்ற அமைப்பு உருவாக்கிய பொது வரையறையை அடிப்படையாகக் கொண்டு மைக்ரோசாப்ட் 1992-இல் ஓடிபிசியை வெளியிட்டது. அதன் பிறகு புரோகிராம் ஒரே மாதிரி கேட்டால் போதும். ஆக்சஸ் பைலுக்கு ஆக்சஸ் டிரைவர், எக்ஸெல் பைலுக்கு எக்ஸெல் டிரைவர் என்று அந்தந்த டிரைவர் கேள்வியை மொழிபெயர்த்துப் பதிலைக் கொண்டு வந்து தரும்.

எந்த பைல், அது எங்கே இருக்கிறது, எந்த டிரைவர் வழியாகப் போக வேண்டும் என்ற மூன்று தகவலையும் ஒரு பெயரில் எழுதி வைப்பார்கள். அந்தப் பெயர்தான் டிஎஸ்என். இது சாதாரணமாக விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில்தான் பதிவாகும், உங்கள் போல்டரில் இருக்காது. எனவே போல்டரைக் காப்பி செய்தால் டிஎஸ்என் கூட வராது. செவிலிமேட்டில் வந்த முதல் எர்ரருக்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைச் சரி செய்வது எளிது. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 'ஓடிபிசி டேட்டா சோர்சஸ் 32 பிட்', 'ஓடிபிசி டேட்டா சோர்சஸ் 64 பிட்' என்று இரண்டு வரும். பழைய புரோகிராம் என்றால் 32 பிட்டைத் திறக்க வேண்டும். சிஸ்டம் டிஎஸ்என் டேபில் ஆட் பட்டனை அழுத்தி, டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள். செலக்ட் பட்டன் மூலம் பைலைக் காட்டுங்கள். முடிந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. 64 பிட் விண்டோஸில் இந்த இரண்டு புரோகிராம்களுக்கும் பைல் பெயர் ஒன்றேதான். இரண்டின் பெயரும் 32 என்றுதான் முடியும். 64 பிட் புரோகிராம் சிஸ்டம்32 என்ற போல்டரிலும், 32 பிட் புரோகிராம் சிஸ்வாவ்64 என்ற போல்டரிலும் இருக்கும். ஆம், தலைகீழாகத்தான். விண்டோஸ் 7-இல் பெயரிலும் வேறுபாடு காட்டாததால் தலையைப் பிய்த்துக் கொண்டவர்கள் ஏராளம். விண்டோஸ் 8-இல் இருந்துதான் மெனுவில் 32, 64 என்று பிரித்துப் போட்டார்கள்.

2011-இல் நின்று போன கணக்கு

டிஎஸ்என் அமைத்தவுடன் புரோகிராம் திறந்தது. தறி வாரியாகக் கணக்கும் வந்தது. முதலாளி கண்ணாடியை மாட்டிக் கொண்டு பார்த்தார். "தம்பி, 2011-க்கு அப்புறம் எங்க வீட்ல யாருமே பட்டு வாங்கலைன்னு சொல்லுது உங்க கம்ப்யூட்டர்" என்றார்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எர்ரர் மெசேஜே வராமல் கணக்கு போகும் இடம் இது. விண்டோஸ் விஸ்டா வந்தபோது, சாதாரண புரோகிராம்கள் 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள் எழுதக் கூடாது என்று மைக்ரோசாப்ட் கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஆனால் அங்கேயே எழுதிப் பழகிய பழைய புரோகிராம்கள் நின்று விடக் கூடாதே! அதற்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். புரோகிராம் அங்கே எழுதுவதாக நினைத்துக் கொள்ளும். விண்டோஸ் சத்தமில்லாமல் அதைப் பயனாளரின் போல்டருக்குள் உள்ள ஆப்டேட்டா, அதனுள் லோக்கல், அதனுள் 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இடத்தில் எழுதி வைக்கும். படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். டிஎஸ்என்னில் பார்த்தால் புரோகிராம் பைல்ஸ் என்றே இருக்கும். துபாஷியிடம் ஒரு முகவரி கொடுத்து, தபால்காரர் வேறு வீட்டில் கடிதம் போட்டு வந்த கதைதான்.

அந்த வீட்டில் 2011-இல் எக்ஸ்பியில் இருந்து விண்டோஸ் 7-க்கு மாறி இருக்கிறார்கள். அன்று காப்பி செய்து வைத்த பைல் புரோகிராம் பைல்ஸ் போல்டரில் அப்படியே தூங்கிக் கொண்டிருந்தது. அடுத்த 14 வருடக் கணக்கு முழுவதும் வர்ச்சுவல் ஸ்டோரில். கடைக்காரர் எடுத்து வந்தது தூங்கிய பைலை. நல்ல வேளை, பழைய கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சில் போகாமல் வீட்டின் பின்கட்டில் பாவு நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க்கில் தேடி, கடைசித் தேதியுள்ள எம்டிபி பைலை எடுத்து வந்தேன். இந்த முறை அதைப் புரோகிராம் பைல்ஸில் வைக்கவில்லை. டி டிரைவில் 'கணக்கு' என்று ஒரு போல்டர் அமைத்து, டிஎஸ்என்னை அங்கே திருப்பினேன். டாக்குமெண்ட்ஸ் போல்டரிலும் வைக்க வேண்டாம். விண்டோஸ் 11 அதை ஒன்டிரைவுக்குள் நகர்த்தி விட்டால் முகவரி மாறிவிடும். திறந்திருக்கும் டேட்டாபேஸ் பைலை இணையத்தில் பாதியில் பிரதி எடுப்பதும் நல்லதல்ல.

உங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் இரண்டு எம்டிபி பைல்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் தேதியைப் பார்த்து எடுங்கள்.

32-க்கும் 64-க்கும் பேச்சுவார்த்தை இல்லை

அடுத்தது எக்ஸெல். முதலாளியின் மகன் வாரக் கூலிப் பட்டியலை எக்ஸெலில் எடுப்பது வழக்கம். எக்ஸெலில் இருந்து அதே டிஎஸ்என்னைத் தொட்டால் 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்று வந்தது. இங்கே விதி ஒன்றே ஒன்று: 32 பிட் புரோகிராம் 32 பிட் டிரைவரோடு மட்டும்தான் பேசும், 64 பிட் புரோகிராம் 64 பிட் டிரைவரோடு மட்டும்தான் பேசும். விண்டோஸ் எத்தனை பிட் என்பது முக்கியமல்ல. கூப்பிடும் புரோகிராம் எத்தனை பிட் என்பதே முக்கியம். ஆபீஸ் 2019-இல் இருந்து எதையும் தேர்ந்தெடுக்காமல் இன்ஸ்டால் செய்தால் 64 பிட் ஆபீஸ்தான் வந்து உட்காரும். உங்களுடையது எது என்று அறிய, எக்ஸெலில் பைல், அக்கவுண்ட், அபவுட் எக்ஸெல் என்று போங்கள். முதல் வரியிலேயே இருக்கும்.

ஆக்சஸ் பைலுக்கான பழைய ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 11-லும் அது கூடவே வருகிறது. 64 பிட்டில் ஆக்சஸ் டிரைவர் வந்தது ஆபீஸ் 2010 காலத்தில், ஏஸ் என்ற பெயரில். சரி, அந்த 64 பிட் டிரைவரைப் போட்டு விடலாமே என்று கேட்பீர்கள். செவிலிமேட்டில் அதுவும் உதவவில்லை. ஏனென்றால் அந்த எம்டிபி பைல் ஆக்சஸ் 97 வகையைச் சேர்ந்தது. விபி 6 உடன் வந்த விஷுவல் டேட்டா மேனேஜரில் உருவாக்கிய பைல்கள் அப்படித்தான் இருக்கும். ஆபீஸ் 2013-இல் இருந்து ஆக்சஸ் 97 பைலைத் திறக்கும் வசதியையே எடுத்து விட்டார்கள். பழைய பாஷை பழைய துபாஷிக்குத்தான் தெரியும்.

எனவே 64 பிட் ஆபீஸை நீக்கி, அதே லைசென்ஸில் 32 பிட் ஆபீஸை இன்ஸ்டால் செய்தேன். வீட்டுக் கணக்குக்கு 32 பிட் எக்ஸெல் தாராளம். லட்சக்கணக்கான வரிகளை ஒரே நேரத்தில் கையாளுபவர்களுக்குத்தான் 64 பிட் தேவை. டிரைவர் பட்டியலில் மட்டும் கவனம் தேவை. ஆபீஸ் வந்த பின் ஆக்சஸ் டிரைவர் என்றே இரண்டு பெயர்கள் தெரியலாம். அடைப்புக்குறிக்குள் எம்டிபி என்று மட்டும் இருப்பது பழைய ஜெட். எம்டிபி, ஏசிசிடிபி என்று இரண்டும் இருப்பது ஏஸ். ஆக்சஸ் 97 பைலுக்கு முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விஷுவல் பாக்ஸ்புரோவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் ஓடிபிசி டிரைவருக்கு 64 பிட் பதிப்பு வரவே இல்லை. பாக்ஸ்புரோவுக்கான ஆதரவையும் மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியில் முடித்துக் கொண்டது. 32 பிட் புரோகிராம் வழியாகத்தான் அந்த பைல்களைத் தொட முடியும். ஜாவாவில் எழுதிய புரோகிராம் என்றால், ஓடிபிசிக்குப் பாலமாக இருந்த பகுதியையே 2014-இல் வந்த ஜாவா 8-இல் நீக்கி விட்டார்கள்.

காணாமல் போன இரண்டு தறிகள்

எல்லாம் ஓடியது. சனிக்கிழமை கூலி நாள். மகன் புதிதாக டைப் செய்த ஒரு எக்ஸெல் ஷீட்டில் தறி எண், நெசவாளர் பெயர், சேலைக்குக் கூலி என்று இருந்தது. கணக்குப் புரோகிராம் எக்ஸெல் டிரைவர் வழியாக அதைப் படித்து, சேலைக் கணக்கோடு பொருத்திப் பட்டியல் போடும். பட்டியல் வந்தது. ஆனால் இரண்டு பேர் இல்லை. 12ஏ, 23ஏ தறிக்காரர்கள். பெயர் இல்லை, கூலி இல்லை, ஜரிகை பாக்கியும் இல்லை. எந்த எர்ரரும் வரவில்லை.

எக்ஸெல் ஷீட்டில் ஒரு காலத்தில் எண்ணும் எழுதலாம், எழுத்தும் எழுதலாம். டேட்டாபேஸுக்கு அது ஆகாது. ஒரு காலம் முழுவதும் எண், அல்லது முழுவதும் எழுத்து என்று முடிவு செய்தாக வேண்டும். எக்ஸெல் டிரைவர் அதை எப்படி முடிவு செய்கிறது தெரியுமா? முதல் 8 வரிகளை மட்டும் பார்க்கிறது. 1 முதல் 8 வரை எல்லாம் எண். எனவே காலம் முழுவதும் எண் என்று தீர்மானித்து விட்டது. பின்னால் வரும் 12ஏ எண் அல்லவே! அந்த இடத்தை வெற்றாகக் கொடுத்து விட்டது. பழைய ஷீட்டில் தறி எண்கள் எல்லாமே எழுத்தாகப் பதியப்பட்டிருந்ததால் இத்தனை வருடம் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை.

ரெஜிஸ்ட்ரியில் இந்த 8-ஐ மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். புதியவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். எளிய வழி, தறி எண்ணை எண்ணாகவே விடாமல் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பது. சேலைக் கணக்கிலும் ஷீட்டிலும் டி12, டி12ஏ என்று ஒரே மாதிரி மாற்றினோம். இருவரும் பட்டியலுக்கு வந்தார்கள். அன்று மாலையே கூலி கைக்குப் போனது. போன் எண், பின்கோடு, ரசீது எண் இவற்றையும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்பதால் எழுத்தாகவே வைத்துக் கொள்ளுங்கள்.

எக்ஸெல் டிரைவருக்கு வேறு எல்லைகளும் உண்டு. விண்டோஸுடன் வரும் 32 பிட் எக்ஸெல் டிரைவர் எக்ஸ்எல்எஸ் பைலை மட்டும் படிக்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தெரியாது. மைக்ரோசாப்டின் எக்ஸெல் டிரைவர்களால் வரியை நீக்க முடியாது. ஆக்சஸ் பைலுக்கு 2 ஜிபி உச்சவரம்பு, ஆக்சஸ் 97 என்றால் 1 ஜிபிதான். டிபேஸ் பைலில் பீல்டின் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்

கடைசியாக நம் தமிழ். பழைய கணக்கில் நெசவாளர் பெயர்கள் பாமினி வகை பான்ட்டில் இருந்தன. மகன் புதிய நெசவாளர்களின் பெயரை யூனிகோடில் டைப் செய்தார். புரோகிராமில் பார்த்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

பாமினியில் அடித்த பெயர் கம்ப்யூட்டரின் கண்ணுக்குச் சாதாரண ஆங்கில எழுத்துகள்தான். பான்ட்டை மாற்றினால் அர்த்தமற்ற ஆங்கிலமாகத் தெரியும். அதனாலேயே எத்தனை பழைய டிரைவராக இருந்தாலும் அது சேதமில்லாமல் கடந்து விடும். யூனிகோட் தமிழ் அப்படியல்ல. விண்டோஸில் ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் பழைய வகை கோட் பேஜ் உண்டு, தமிழுக்குக் கிடையாது. விண்டோஸ் 2000-இல் தமிழ் நேரடியாக யூனிகோடில்தான் வந்தது. ஓடிபிசியில் யூனிகோட் வசதி 3.5 பதிப்பில் வந்தது. ஆக்சஸ் 97 பைலுக்கு யூனிகோட் தெரியாது, ஆக்சஸ் 2000-இல் இருந்துதான் தெரியும். விபி 6-இன் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் தெரியாது. புரோகிராம், டிரைவர், பைல் மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகி விடும். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் முறைகளையும், 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட வருடங்களில் எழுதப்பட்ட புரோகிராம்கள் எந்த முறையில் இருக்கும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து. கேள்விக்குறிகளாகத் தெரியும் பக்கத்தில் நீங்கள் சேவ் பட்டனை அழுத்தினால், கேள்விக்குறிகளே பைலில் பதிவாகி விடும். அதன் பிறகு எந்த கன்வெர்ட்டராலும் பெயரை மீட்க முடியாது. கேள்விக்குறியைப் பார்த்த உடனே புரோகிராமை மூடுங்கள். நாங்கள் அந்தப் புரோகிராமில் புதிய பெயர்களையும் பாமினியிலேயே தொடர்ந்தோம். பட்டியலை எக்ஸெலுக்குக் கொண்டு வந்த பின்தான் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்கிறார்கள்.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு அதன் ஓடிபிசி டிரைவர் இப்போது ஆன்சி, யூனிகோட் என்று இரண்டாக வருகிறது. தமிழுக்கு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பாஸ்வேர்ட் சரிபார்க்கும் வழக்கமான முறையை மாற்றி விட்டதால், அமைப்பை மாற்றாத வரை 3.51 போன்ற பழைய டிரைவர்கள் உள்ளேயே நுழைய முடியாது.

கம்ப்யூட்டர் மாற்றப் போகிறவர்கள், பழையது ஓடிக் கொண்டிருக்கும்போதே ஓடிபிசி பகுதியைத் திறந்து டிஎஸ்என் பெயர், டிரைவர் பெயர், பைல் இருக்கும் இடம் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். டிரைவர்ஸ் டேபில் பதிப்பு எண் இருக்கும், அதையும் எழுதுங்கள். புதியதில் எல்லாம் அமைத்த பின், எத்தனை ரெக்கார்ட், மொத்த முன்பணம் எவ்வளவு, மொத்த ஜரிகை பாக்கி எவ்வளவு என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் கூட்டிப் பாருங்கள். ஒரு கிராம் வித்தியாசம் வந்தாலும் பழையதை விற்க வேண்டாம்.

ஆக்சஸ் 97 பைல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஆக்சஸ் 2003 அல்லது 2010 இன்னும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரைத் தேடி, பைலின் ஒரு நகலைத் திறந்து 2002-2003 வகைக்கு மாற்றிச் சேமித்து வைத்துக் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து கொண்டே வருகின்றன. செவிலிமேட்டுக் கணக்குக்கு நான் தேடியபோது ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் கிடைத்தது.